காலியாக விட்ட கட்டம்

விக்கி,

இந்தக் கடிதத்தை உன் சர்டிபிகேட் ஃபைலில், இன்டர்ன்ஷிப் முடித்ததற்கான தாளுக்கு அடியில் வைக்கப் போகிறேன். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் இல்லை நீ. ஞாயிற்றுக்கிழமை ஃபைலைத் திறப்பாய். திங்கட்கிழமை கராடி கம்பெனியில் வேலைக்குச் சேருவதற்கு முன் இது உன் கையில் கிடைத்தாக வேண்டும். நேரில் சொல்லியிருக்கலாம். இந்தியில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் நீ பாதியில் நிறுத்திவிடுவாய், இல்லாவிட்டால் நான் பாதியில் அழுதுவிடுவேன். தமிழில் எழுதினால், தமிழ்ப் பள்ளிக்கூடமே பார்க்காத நீ எழுத்துக்கூட்டித்தான் படித்தாக வேண்டும். மெதுவாகப் படித்தால் கோபமும் மெதுவாக வரும் என்று எனக்கு ஒரு நப்பாசை. லீவு போட்டுவிட்டு, மூன்று நாளாக, மிச்ச நோயாளிகளை ஒப்படைக்க நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் சாப்பிடும்போது அந்த மெடிக்கல் கோடிங் வேலையைப் பற்றிச் சொன்னாய். ஆஸ்பத்திரிப் பேப்பர்களைப் படித்து, எந்த நோய்க்கு எந்த எண் என்று கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை, ஏசி அறை, கம்பெனி பஸ். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. நாலரை வருஷம் படித்த பிசியோதெரபி என்ன ஆவது என்று மட்டும் கேட்டேன். நீ தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாய்: "ம்மா, என் படிப்பு எங்கப்பாவுக்கே வேலை செய்யல. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு இன்னொருத்தரோட அப்பாவ எழுந்து நில்லுங்கன்னு சொல்றது?" நான் உனக்கு ரசம் ஊற்றினேன். வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். திறக்கவில்லை.

உன் படிப்பு தோற்கவில்லை, விக்கி. நீ எழுதிக் கொடுத்த பயிற்சிகளை உன் அப்பா செய்யவே இல்லை. செய்ய வைக்க வேண்டியவள் நான், நான் செய்ய வைக்கவில்லை. நீ கட்டம் போட்டுக் கொடுத்த சார்ட்டில் நான் போட்ட டிக்குகளில் முக்கால்வாசி பொய். சொல்ல வந்தது இதுதான். இனி எழுதப் போவதெல்லாம் அது எப்படி நடந்தது என்பது. அதைப் படிக்க உனக்கு மனசு இருந்தால் படி.

நீ எட்டாவது படிக்கும்போது ஒரு மழைக்காலம் முழுக்க, லோக்கல் வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று நோட்டில் எழுதினாய். மழை பெய்தால் வண்டி லேட் என்று எல்லோரும் சொல்கிறார்களே, நிஜமா என்று பார்க்கிறேன் என்றாய். அப்பா தளேகாவ் ஃபாக்டரிக்குப் போகிற வண்டி அது. அவரை வழியனுப்புகிற சாக்கில் தினமும் குடையோடு போய் நம் தேஹு ரோடு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்பாய். கடைசியில், மழைக்கும் லேட்டுக்கும் சம்பந்தமே இல்லை, திங்கட்கிழமைக்குத்தான் சம்பந்தம் என்று நோட்டைக் காட்டினாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. வண்டியில் கூட வருகிறவர்களிடம், என் பையன் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் எதையும் நம்புவான் என்று சொல்லிக்கொண்டாராம். நீ இன்றைக்கும் அப்படித்தான். கண் எதிரே தெரிவதைவிட, கட்டம் போட்டு எழுதி வைத்ததை நம்புகிறவன். அது தெரிந்த நான்தான் அந்தக் கட்டத்தில் பொய் எழுதினேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ இந்தப் படிப்பில் சேர்ந்தபோது, மாலிஷ் பண்ணி உடம்பு பிடித்துவிடுகிற படிப்பா என்று சொந்தத்தில் கேலி கிளம்பியது இல்லையா, அதைக் கிளப்பியது நான். ஆரணியில் இருக்கும் உன் மாமாவிடம் ஃபோனில் நான்தான் முதலில் அப்படிச் சொன்னேன். டாக்டர் சீட் கிடைக்காத எரிச்சலில் சொன்னது, அது ஊரெல்லாம் சுற்றி உன் காதுக்கே வந்தது. முதல் வருஷம் நீ மனுஷ எலும்புகளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று சத்தம் போட்டேன். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நீ அனாடமி படித்தாய். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து உன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். தொடை எலும்பைக் கையில் வாங்கி, இடுப்பில் போய்ப் பொருந்தும் அந்த உருண்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். முப்பது வருஷம் லேத்தில் நின்றவர். "இவ்ளோ சுத்தமா எந்த லேத்துலயும் எடுக்க முடியாதுடா" என்றார். நீ அவருக்கு அந்த மூட்டு எந்தெந்தப் பக்கம் திரும்பும் என்று காட்டினாய். நீங்கள் இரண்டு பேரும் அத்தனை நேரம் பேசிப் பார்த்தது அன்றைக்குத்தான். நான் உள்ளேயே இருந்தேன்.

மூன்றாம் வருஷம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சு மட்டும் கொஞ்சம் குழறலோடு மிஞ்சியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே நீ ஹாஸ்டலிலிருந்து புத்தகங்களோடு வந்துவிட்டாய். விரலில் கொஞ்சம் அசைவு இருக்கிறது, அது போதும் என்று உன் காலேஜ் மேடம் சொன்னார்களாம். உன் குளிர்காலக் கம்பளிக் கையுறையை எடுத்து அப்பாவின் நல்ல கையில், இடது கையில் மாட்டினாய். நல்ல கையைக் கட்டிப்போட்டால்தான் கெட்ட கை வேலை செய்யும் என்றாய். எனக்குப் புரியவில்லை என்றதும், ஹைவேயை மூடினால் பஸ் எல்லாம் பழைய ரோட்டில் போகும், போகப் போகப் பழைய ரோடு அகலமாகும், யாருமே போகாவிட்டால் முள் மண்டிவிடும், மூளையும் அப்படித்தான் என்று சொன்னாய். முதல் சில மாதம்தான் முக்கியம், அதை விட்டால் திரும்பக் கிடைக்காது என்றும் சொன்னாய். நீ அதைச் சொல்லும்போது உன் முகத்தில் பயமே இல்லை. அப்பா விழுந்துவிட்டார் என்ற துக்கத்தைவிட, எழுப்பிவிடலாம் என்ற நம்பிக்கைதான் இருந்தது. கிராஃப் தாளில் கட்டம் போட்டாய். கையுறை காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு ராஜ்மாக் கொட்டை எடுத்துப் போடுவது. டம்ளரைப் பிடிப்பது. நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது. வலது கையாலேயே சாப்பிடுவது. செய்தால் டிக், செய்யாவிட்டால் காலியாக விடு என்று சொல்லிவிட்டு, நீ ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று கிளம்பினாய்.

என்னை ஏன் நம்பினாய் என்றும் எனக்குத் தெரியும். என் வேலை அப்படி. இருபத்திரண்டு வருஷமாக ராணுவக் குண்டு ஃபாக்டரியில் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன். குண்டு உறைகளை ஒவ்வொன்றாக அளவு பார்க்கும் கேஜில் நுழைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் ட்ரே சீட்டில் கையெழுத்து, இல்லாவிட்டால் சிவப்புப் பெயின்ட் ஒரு தீற்று. ஒரு முறை மாசக் கடைசியில் எல்லோரும் அவசரப்பட்டு நிற்க, ஒரு ட்ரேயில் சந்தேகம் வந்து அத்தனையையும் திரும்ப அளந்தேன். கூட இருந்தவர்கள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்தக் கதையை நீ உன் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வாய். எங்கம்மா கையெழுத்துப் போட்டா போட்டதுதான் என்பாய். ஃபாக்டரியில் அது இன்றைக்கும் உண்மை. வீட்டில் ஒரு கிராஃப் தாளில் அது உண்மையாக இல்லை.

முதல் இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் செய்தோம். அப்புறம் ஒரு சாயங்காலம், மழை, பஸ் கிடைக்காமல் நனைந்துகொண்டு வந்தேன். பகலில் துணைக்கு இருந்த, நீ காக்கூ என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மாவை அனுப்பிவிட்டு, கையுறையை மாட்டி, ராஜ்மா கிண்ணத்தை முன்னால் வைத்தேன். அன்றைக்கு ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை. கிண்ணம் சாய்ந்து தரையெல்லாம் ஓடியது. அவர் அழுதார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை, அவருடைய அம்மா போனபோதுகூட. நான் குனிந்து பொறுக்கினேன். கையுறையைக் கழற்றினேன். சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டேன். அப்புறம் சுவரில் இருந்த சார்ட்டைப் பார்த்தேன். காலிக் கட்டம் என்னைத் திட்டுவது மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ வந்து ஏன் என்று கேட்பாய். டிக் போட்டேன். மறுநாள் டிக் போட என் கை அவ்வளவு தயங்கவில்லை.

பாவம் பார்த்துச் செய்தேன் என்று மட்டும் எழுதி முடித்துக்கொள்ளலாம். கேட்பவர்களும் மன்னித்துவிடுவார்கள். அது பாதிதான். அசதி ஒரு காரணம். அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் மூன்று நாள் ஆனது. உன் அப்பா கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்கு நான் தேவைப்பட்டதே இல்லை. வருவார், சாப்பிடுவார், பேப்பர் படிப்பார், படுப்பார். குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டார், இருந்தாலும் சொல்ல மாட்டார். நான் ஊருக்குப் போனால் எப்போது வருவாய் என்று கேட்டதில்லை. அப்படிப்பட்ட மனுஷன், இப்போது நான் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும், வந்துட்டியா என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். இடது கையால் சாப்பிடுவது அவருக்குச் சாவுக்குச் சமம், அதனால் என் கைக்காக வாயைத் திறந்து காத்திருந்தார். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் என் முகத்தைப் பார்த்தார். அது எனக்குப் பிடித்திருந்தது, விக்கி. ரொம்பப் பிடித்திருந்தது. அவர் கை தேறிவிட்டால் மறுபடி பேப்பருக்குப் பின்னால் போய்விடுவார் என்று எனக்குள்ளே ஒரு பயம் இருந்திருக்கிறது. அப்போது அதற்குப் பெயர் வைக்கவில்லை, ஊட்டினேன், அவ்வளவுதான்.

நடுவில் ஒன்பது நாள் உன் மாமா மகள் கல்யாணத்துக்காக நான் ஆரணி போனேன். உனக்குப் படிப்பு விடுமுறை, நீதான் அப்பாவைப் பார்த்துக்கொண்டாய். நான் திரும்பி வந்த அன்று வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டு, ப்பா காட்டு என்றாய். அவர் வலது கையால் டம்ளரைத் தூக்கினார். பாதி வழியில் நடுங்கியது, பனியனெல்லாம் தண்ணீர், ஆனாலும் வாய்க்குக் கொண்டுபோனார். நீ சார்ட்டில் உன் கையெழுத்தில் முக்கால் டம்ளர் என்று எழுதினாய். உனக்குப் பரீட்சை, மறுநாளே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். அதற்கப்புறம் அந்தக் கை டம்ளரைத் தூக்கவே இல்லை. ஞாயிறுதோறும் நீ வந்து சார்ட்டைக் கழற்றிக்கொண்டு போவாய், எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கும், அப்பாவின் விரல்கள் மட்டும் உள்ளே மடங்கிக்கொண்டே போகும். நீ லேப்டாப்பில் கோடு வரைந்து பார்த்தாய். பயிற்சியை மாற்றினாய். உன் மேடத்திடம் கேட்டாய். எங்கே தப்பு என்று தேடினாய், தேட வேண்டிய ஒரே இடத்தைத் தவிர.

காலேஜில் அப்பாவைப் பற்றி வகுப்பு முன்னால் நின்று பேசிவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமையை மறந்திருக்க மாட்டாய். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "சில பேருக்கு வராதாம் ம்மா. எவ்ளோ பண்ணாலும் வராதாம். அப்பா அந்த டைப்புன்னு எழுதிட்டேன்" என்றாய். அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், குழறலாக இருந்தாலும் உனக்குப் புரிந்திருக்கும். சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, அந்தப் பழியைத் தன் உடம்பின் மேலேயே போட்டுக்கொண்டார். நான் உன் தலையைத் தடவி, விடு கண்ணா என்றேன்.

மீதி உனக்குத் தெரியும். ஆவணி மாதம் பாத்ரூம் போகும் வழியில் கால் தாங்காமல் விழுந்தார். உடைந்தது இடுப்பில் பொருந்தும் அந்த எலும்புதான். படுக்கை, சளி, மூச்சுத்திணறல், இருபது நாளில் போய்விட்டார். நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரும் கட்டத்திலும் என் டிக்தான் இருந்தது. செய்திருந்தால் விழுந்திருக்க மாட்டார், பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. நீயும் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வாய், அப்படிச் சொல்வதுதான் உன் படிப்பு. ஆனால் தெரிந்துகொள்ளும் வழியையே நான் அடைத்துவிட்டேன்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாமே இன்னொரு பொய் டிக்தான். நான் ஆரணியிலிருந்து வந்த மறுநாள் காலை, நீ ஹாஸ்டலுக்குக் கிளம்பிய பிறகு, இட்லித் தட்டோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையுறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, இடது கையை என் பக்கம் நீட்டினார். மாட்டிவிடச் சொல்லி. அவராகக் கேட்டார், விக்கி. முக்கால் டம்ளர் குடித்த ருசி அவருக்குத் தெரிந்திருந்தது. முழு டம்ளர் குடிக்க ஆசைப்பட்டார். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தேன். "நான்தான் வந்துட்டனே" என்றேன். இட்லியைப் பிட்டு அவர் வாய்க்குக் கொண்டுபோனேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். அப்புறம் ஒரு நாளும் கையை நீட்டவில்லை.

சார்ட்டுகள் எல்லாவற்றையும் இதோடு வைத்திருக்கிறேன். அப்பா போனதும் நீ குப்பையில் போட்டாய், நான் பொறுக்கி எடுத்து வைத்திருந்தேன். ஃபாக்டரியில் செய்வது மாதிரியே சிவப்பு மையால் ஒவ்வொரு பொய்யையும் அடித்திருக்கிறேன். சந்தேகமாக இருந்ததையும் அடித்துவிட்டேன், எங்கள் செக்ஷனில் சந்தேகம் என்றால் ரிஜெக்ட்தான். மிஞ்சியது முதல் இரண்டு வாரமும் உன்னுடைய ஒன்பது நாளும். அதை மட்டும் வைத்து உன் கோட்டை மறுபடி வரைந்து பார். முதல் வாரம் ஒரு ராஜ்மா, இரண்டாம் வாரம் நாலு என்று நீயே ஓரத்தில் எழுதியிருக்கிறாய். அப்புறம் முக்கால் டம்ளர். செய்த நாட்களில் அவருக்குக் கை வந்திருக்கிறது. அவர் அந்த டைப் இல்லை.

நீ கராடிக்குப் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, அது உன் இஷ்டம். இதை எழுதியது உன்னை நிறுத்துவதற்காக இல்லை, தப்பான அளவை வைத்து நீ முடிவெடுக்கக் கூடாது என்பதற்காக. ஒருவேளை என்றைக்காவது யாருடைய அப்பாவையாவது எழுப்பி நிற்க வைக்கப் போனால், ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள். அந்த வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி இருப்பாள். பயிற்சி செய்தாரா என்று அவளைக் கேட்காதே, செய்தார் என்றுதான் சொல்வாள். இன்றைக்கு யார் ஊட்டினது என்று கேள். கேட்டுவிட்டு அவளைத் திட்டாதே. நீ எப்படி இருக்கிறாய், கடைசியாக எப்போது உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று அவளையும் ஒரு வார்த்தை கேள். என்னை அப்படி யாராவது கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. சொல்லியிருக்கலாம்.

அப்பாவைத் தூக்கித் தூக்கி என் வலது தோளும் பிடித்துக்கொண்டது. துணி காயப்போடக் கை மேலே போவதில்லை. உனக்குத் தெரியக் கூடாது என்று கொடியைத் தாழக் கட்டிக்கொண்டேன், நீயும் கவனிக்கவில்லை. போன வாரம் நீ அந்த ரசச் சாப்பாட்டில் சொன்னதற்கு மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன், நீ இருக்கிற ஆஸ்பத்திரிக்கு இல்லை, வேறு. உன் வயசுப் பெண் ஒருத்தி, மராத்திப் பெண், என் கையைச் சுவரில் விரல் விரலாக மேலே ஏற வைத்தாள். வலியில் உயிர் போனது. வீட்டில் செய்யச் சொல்லி ஒரு தாள் கொடுத்தாள், கட்டம் போட்ட தாள். அதை இன்றைக்கு அப்பாவின் சார்ட் இருந்த அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன். முதல் நாள் செய்தேன், டிக் போட்டேன். அடுத்து வந்த நாட்களிலும் செய்தேன். நேற்று வலி பொறுக்க முடியவில்லை, செய்யவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், நீ வந்து பார்.

அம்மா